குறைந்துபோன நாலு புள்ளி ஆறு

அத்தியாயம் 17

காலை பத்தரை மணிக்கு முதல் அளவு வந்தது. இருக்க வேண்டியதைவிட நாலு புள்ளி ஆறு சதவீதம் குறைவு.

சரண்யா மறுபடி அளந்தாள். நாலு புள்ளி ஆறு. கேபிளைக் கழற்றி, துடைத்து, மாட்டி அளந்தாள். நாலு புள்ளி ஐந்து.

"டெம்பரேச்சர்?" என்று இண்டர்காமில் கேட்டாள்.

"இருபத்திரண்டு புள்ளி நாலு மேடம்." உள்ளே, இயந்திர அறையிலிருந்து மெஹக்கின் குரல்.

"பிரஷர்?"

"ஆயிரத்து நாலு."

கணக்கு சரி. எண்தான் தப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் இயந்திரம் நின்றுபோனதும், திங்கள் முழுக்க உட்கார்ந்து கம்பெனி ஆள் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டை மாற்றியதும் நேற்று வரை நடந்தவை. தங்கம் என்ற நோயாளிக்கு மொத்தம் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. அதில் பன்னிரண்டோடு நின்றிருந்தது. வெள்ளி போயிற்று, திங்கள் போயிற்று. இன்று செவ்வாய். "இதுக்கு மேல இடைவெளி விடக்கூடாது" என்று டாக்டர் நீரஜா நேற்றே சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தப்பிய செல் ஏதாவது இருந்தால், அது ஓய்வு கிடைத்த நாட்களில் மறுபடி தலைதூக்கும்.

தங்கம், சரண்யாவின் அம்மா.

ஆழ்வார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த அந்தச் சின்ன புற்றுநோய் மருத்துவமனையில் இயந்திரம் ஒன்றுதான். நோயாளிகள் அதைக் 'கரண்ட் மிஷின்' என்பார்கள். அது உமிழும் கதிர் சரியான அளவில் வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது சரண்யாவின் வேலை. அவள் மருத்துவ இயற்பியலாளர். அவள் கையெழுத்து இல்லாமல் ஒருவரையும் அந்தப் படுக்கையில் படுக்கவைக்க முடியாது.

அளக்கும் முறை எளியது. உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால், உடம்புக்குப் பதில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். அதற்குள் பேனா மூடி அளவுக்கு ஒரு சிறு குழல். குழலுக்குள் வேறொன்றும் இல்லை, காற்றுதான். கதிர் பாயும்போது அந்தக் காற்றில் மின்னூட்டம் உண்டாகும். அதை எண்ணினால் எவ்வளவு கதிர் வந்தது என்று தெரிந்துவிடும். காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். குழலுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று தெரியாமல் எண்ணிப் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வெப்பநிலையும் காற்றழுத்தமும் கேட்டு எண்ணைத் திருத்துவது.

ஒத்துப் பார்க்க அவர்களிடம் இன்னொரு கருவி உண்டு. அது அளவு சரிபார்க்க மும்பைக்குப் போயிருந்தது.

"மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" மெஹக் வெளியே வந்து கேட்டாள்.

"நீ என்ன பண்ணுவ? புது போர்டு."

மெஹக்குக்கு இருபத்து நாலு வயது. சிந்தாதிரிப்பேட்டைப் பெண். கல்லூரியில் படிக்கும்போது சரண்யா வந்து பேசிய ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டுவிட்டு, ஐ.டி. கம்பெனியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லி இந்தப் படிப்புக்கு வந்தவள். அந்தப் பேச்சில் எடுத்த குறிப்புகள் இன்னும் அவள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. சரண்யாவுக்கு அது கூச்சமாக இருக்கும். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு" என்பாள். மெஹக் கிழிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அளந்தார்கள். மூன்று புள்ளி நாலு.

ஒன்றையும் தொடவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. எண் தானாக நகர்ந்திருந்தது. நின்ற இடத்தில் நிற்கும் பிழையைத் திருத்திவிடலாம். நகரும் பிழையை என்ன செய்வது?

*

காத்திருப்புக் கூடத்தில் முப்பத்தெட்டு பேர். மருத்துவமனை அச்சடித்த காலண்டர் சுவரில் மே மாதத்தைக் காட்டியது. விஞ்ஞானப் பெண்கள் என்று மாதத்துக்கு ஒருவர். மே மாதத்துக்கு, வெள்ளைக் கோட்டில் சிரிக்கும் சரண்யா.

அந்தப் படத்துக்கு நேர் கீழே தங்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மயிலாப்பூரிலிருந்து வரும் பங்கஜம் மாமி. அவருக்குத் தொண்டையில்.

"ஏன்டிம்மா, இன்னிக்கு உண்டா, இல்லையா? ஆத்துல எல்லாத்தையும் போட்டது போட்டபடி வந்திருக்கேன்," என்றார் மாமி, கரகரத்த குரலில்.

"பாத்துக்கிட்டிருக்கோம் மாமி."

"அதைத்தான் காத்தாலேர்ந்து பாத்துண்டு இருக்கியே! படத்துல மட்டும் நன்னா சிரிக்கறாய்."

யாரோ சிரித்தார்கள். சரண்யாவும் சிரிக்க முயன்றாள்.

தங்கம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, எல்லாரும் என்னயவே பாக்காவ. எம் மக தான் மிஷினப் பாக்கா, இன்னைக்குக் கரண்டு வச்சிருவான்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன எப்படிச் சொல்ல? நீதானட்டி பாக்க?"

ஆறடி தடிமனான கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அவளால் வரைந்து காட்ட முடியும். இந்த எண் ஏன் நகர்கிறது என்று சொல்ல முடியவில்லை.

வாசலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ராம்குமார் நின்றான். சரண்யாவின் அண்ணன். தி. நகரில் அப்பா தனபாலன் தொடங்கிய துணிக்கடையை இப்போது நடத்துபவன். கல்யாண முகூர்த்த மாதத்தில் கடையை விட்டு வந்திருக்கிறான் என்பதே அவன் கோபத்துக்கு ஓர் அளவு.

"சரண், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு நான் அப்பவே சொன்னேனா, இல்லையா?"

"சொன்ன."

"அங்க மூணு மிஷின். ஒண்ணு போனா இன்னொண்ணு. நீதான், நான் கூடவே இருப்பேன், நானே பாத்துப்பேன்னு அடம் பிடிச்ச. பாத்துக்கிட்டியா?"

"அண்ணே, இங்க வேணாம். எல்லாரும் இருக்காங்க."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அங்க டாக்டரைப் பாக்க நேரம் வாங்கிட்டேன். அம்மாவோட ஃபைலைக் குடு."

"அங்க போனா மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். குறைஞ்சது அஞ்சு நாள் ஆகும்."

"இங்க எத்தனை நாள் ஆகும்? அதைச் சொல்லு, விட்டுடறேன்."

ஃபைலை எடுத்துக் கொடுத்தாள்.

*

இரண்டு மணிக்கு இரண்டு புள்ளி மூன்று.

பெங்களூரிலிருந்து கம்பெனி எஞ்சினீயர் போனில் உற்சாகமாகப் பேசினான். "மேடம், புது போர்டு, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். எவ்வளவு குறையுதோ அவ்வளவு கெயினை ஏத்திக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை. எப்படின்னு மெயில் அனுப்பறேன், நாளைக்குச் சாயங்காலம் நானே நேர்ல வரேன்."

இயந்திரம் தரும் கதிரைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கட்டம் திரையில் திறந்தே இருந்தது. ஓர் எண்ணை அழித்துவிட்டு இன்னொன்றை எழுத வேண்டும், அவ்வளவுதான். காலையிலேயே எழுதியிருந்தால் பதினொரு மணிக்கு முதல் ஆள் உள்ளே போயிருப்பார். அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்திருப்பாள்.

சரண்யா சுட்டியைப் பிடித்திருந்தாள். மெஹக் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதை வச்சு ஏத்தறது? பத்தரை மணி எண்ணா, பன்னிரண்டு மணி எண்ணா, இப்ப வந்ததா?" என்று சரண்யா தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள். கட்டத்தை மூடினாள்.

தொட்டிக்குள் குழல் கோணலாக நிற்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள். லேசர் கோடுகள் சரியாக வெட்டிக்கொண்டன. தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் கண்ணாடி போல இருந்தது. ஒரு தடவை நிரப்பி மட்டம் பார்த்த பிறகு தொட்டிக்குள் கை விடக் கூடாது, அலை எழுந்தால் ஆழம் மாறிவிடும் என்பது அவளே போட்ட விதி. யாரும் கை விடவில்லை. ஏ.சி. இரைந்தது. சுவரில் தெர்மாமீட்டர் இருபத்திரண்டு புள்ளி நாலு.

நாலு மணிக்கு ஒன்று புள்ளி ஏழு.

நிர்வாகி கல்யாணராமன் கைகளைத் தட்டாத குறை. "ரெண்டு வரைக்கும் பரவாயில்லைன்னு நீங்கதானே விதி சொல்வேள்? வந்தாச்சே! ஆரம்பிச்சுடலாம். இன்னும் இருபது பேர் உக்காந்திருக்கா. ராத்திரிக்குள்ள முடிச்சுடலாம்."

"முடியாது சார்."

"ஏன்?"

"ஏன் வந்ததுன்னு தெரியலை. தானா வந்தது நாளைக்குத் தானா போகும். ஒருத்தர் மேல கதிர் பாயுற அந்த ஒரு நிமிஷத்துல அது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"உங்க அம்மாவும் உக்காந்திருக்கா, சரண்யா."

"தெரியும் சார்."

"அப்ப நீங்களே வந்து சொல்லிடுங்கோ. நான் சொன்னா என்னை அடிப்பா."

அவள் போய்ச் சொன்னாள். காலண்டருக்குக் கீழே நின்று, இன்று இல்லை, நாளை உண்டா என்று இப்போது சொல்ல முடியவில்லை, போன் செய்கிறோம் என்றாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். யாரும் திட்டவில்லை. பைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பங்கஜம் மாமி மட்டும் தோளைத் தட்டி, "போ, போய் ஏதாவது சாப்பிடு. முகமே இத்துனூண்டு ஆயிடுத்து," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கம் காரில் ஏறும்போது காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

*

தி. நகர் வீட்டில், மூன்றாவது மாடியில், ஆறரை மணிக்கும் வெக்கை இறங்கவில்லை. கூடத்தில் ராம்குமார் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப.

சரண்யா தரையில் சுவரோரம் உட்கார்ந்து அன்றைய நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு புள்ளி ஆறு. மூன்று புள்ளி நாலு. இரண்டு புள்ளி மூன்று. ஒன்று புள்ளி ஏழு. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. எங்கோ பார்த்த வளைவு. எங்கே என்று பிடிபடவில்லை.

"ஏட்டி," என்று உள்ளேயிருந்து தங்கம் கூப்பிட்டாள். "அந்த வாளியில தண்ணி பிடிச்சு வச்சிரு. எனக்குத் தூக்க முடியல."

"காலைல குளிக்கத்தானேம்மா? காலைல பிடிச்சாப் போதாதா?"

"நல்லா இருக்கே! குழாயத் தொறந்தா வெந்நியாட்டம் கொட்டுது. கரண்டு வச்ச எடத்துல சூடு ஆகாதுன்னு நீதான தாள்ல எழுதிக் குடுத்த? முந்தின நாளே பிடிச்சு வச்சாத்தான் விடியதுக்குள்ள ஆறும். இந்த வெயிலுக்கு மெட்ராஸ்ல எல்லா வீட்லயும் இதான நடக்கு."

சரண்யா எழுந்து குளியலறைக்குப் போனாள். வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். மொட்டை மாடிக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் பகல் முழுதும் வெயில் குடித்த தண்ணீர் கொட்டியது. நிரம்பிவிட்டதா என்று பார்க்க வாளிக்குள் கை விட்டாள்.

கையை எடுக்கவில்லை.

வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீர் அவள் பாதத்தில் ஓடியது. சூடாக இருந்தது.

"தண்ணிய வீணாக்காதட்டி!"

அவள் குழாயை மூடாமலேயே கூடத்துக்கு ஓடிவந்து போனை எடுத்தாள். ராம்குமார் போய்க் குழாயை மூடினான்.

"மெஹக், எங்க இருக்க?"

"இங்கதான் மேடம், ஆஸ்பத்திரில. டெக்னீஷியன் ஆசிஃப் அண்ணனும் இருக்காரு. நான் கேபிள் எல்லாத்தையும் மறுபடி..." மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழாத. ஒண்ணு சொல்லு. தொட்டியில இருக்கறது பழைய தண்ணியா?"

"இல்ல மேடம். பாசி பிடிச்சிருந்துச்சு. அளக்கறதுக்கு முன்னாடி கருவி சுத்தமா இருக்கணும்னு நீங்க காலேஜ்ல சொன்னீங்க இல்ல? காலைல சீக்கிரமே வந்து தேய்ச்சுக் கழுவிட்டு, புதுசா ரொப்பினேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு முடிச்சேன்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான் மேடம்."

"டெம்பரேச்சர் எதுல பாத்த?"

மெஹக் புத்திசாலி. கேள்வி முடியும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சுவத்துல," என்றாள், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில்.

நாலு வருடங்களாக அதே தண்ணீர்தான். அளந்து முடித்ததும் கீழே உள்ள தள்ளுவண்டித் தொட்டியில் இறங்கி, அந்தக் குளிர்ந்த அறையிலேயே கிடக்கும். அதனால் சுவரும் தண்ணீரும் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டின. தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விட வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருந்தது. சுவரைப் பார்ப்பது பழக்கத்தில் வந்துவிட்டது.

"மேடம், நான்தான்... என்னாலதான்... முப்பத்தெட்டு பேரு..."

"டெம்பரேச்சர்னு கேட்டது நான். எதோட டெம்பரேச்சர்னு கேக்காததும் நான். அதை அப்புறம் பேசலாம், கல்யாணராமன் சார்கிட்ட ரெண்டு பேருமே பேசியாகணும். இப்ப தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள்ள விடு."

ராம்குமார் ஃபைலை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்து நாலு புள்ளி ஆறு மேடம். இன்னும் முழுசா ஆறலை."

"அந்த எண்ணைப் போட்டு இப்ப ஒரு தடவை அளந்து சொல்லு. வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

காத்திருக்கும் நேரத்தில் சரண்யா தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். மூன்று டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். குழாய்த் தண்ணீர் முப்பத்தாறு இருந்திருக்கும். சுவர் காட்டியது இருபத்திரண்டரை. வித்தியாசம் பதின்மூன்றரை. மூன்றால் வகுத்தால் நாலரை. குழலுக்குள் காற்று நாலரை சதவீதம் குறைவாக இருந்திருக்கிறது, அதனால் எண்ணும் குறைவாக வந்திருக்கிறது. தண்ணீர் ஆற ஆற எண் ஏறியது. அவள் எழுதிய வளைவு, ஆறும் தண்ணீரின் வளைவு.

இயந்திரம் காலையிலிருந்து சரியாகவே இருந்தது.

காலையில் திரையின் அந்தக் கட்டத்தில் அவள் எண்ணை மாற்றியிருந்தால், பங்கஜம் மாமியின் தொண்டையில், அம்மாவின் மார்பில், முப்பத்தெட்டு பேர் மேலும் ஏறக்குறைய ஐந்து சதவீதம் அதிகக் கதிர் பாய்ந்திருக்கும். அவள் கையெழுத்தோடு.

"மேடம்!" மெஹக்கின் குரல் உடைந்தது. "புள்ளி ஒண்ணு. புள்ளி ஒண்ணுதான் வித்தியாசம்! மூணு தடவை பாத்துட்டேன். மூணும் அதேதான்."

சரண்யா கண்ணை மூடித் திறந்தாள்.

"என்னவாம்?" என்றாள் தங்கம்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கும்மா. தண்ணி சூடா இருந்திருக்கு."

"நம்ம குழாய்த் தண்ணி மாதியா?"

"ஆமா."

தங்கம் கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "இதுக்கா இந்தப் பாடு? என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?"

ராம்குமார் சிரிக்கவில்லை. "இன்னைக்குத் தண்ணி. நாளைக்கு என்ன? எட்டு மணி அப்பாயின்மென்ட்டை நான் கேன்சல் பண்ணப் போறதில்ல," என்று சொல்லி ஃபைலைத் தன் பைக்குள் வைத்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "நீயே சொல்லும்மா, எங்க போகணும்?"

தங்கம் மகனையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். "காலைல குளிச்சிட்டுச் சொல்லுதேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் எங்கே போனாலும், மற்ற முப்பத்தேழு பேர் ஆழ்வார்பேட்டைக்கு வருவார்கள். போன் இன்னும் கையில் இருந்தது. மெஹக் காத்திருந்தாள்.

"எழுதிக்கோ," என்றாள் சரண்யா. "தொட்டியில குறையுற தண்ணியை இப்பவே ரொப்பி வை. ரூம் ஏ.சி.யை நிறுத்தாத, ராத்திரி பூரா ஆறட்டும். தெர்மாமீட்டரைச் சுவத்துலேர்ந்து கழட்டி, குழல் பக்கத்துல தண்ணிக்குள்ளயே கட்டிடு. காலைல ஆறு மணிக்கு நான் வந்து அளக்கறேன். சரியா இருந்தா ஏழு மணிக்கு முதல் ஆளை உள்ள கூப்பிடலாம்."